கூக்கால் மாப்பிள்ளையின் தலைவலி

தைப்பூசக் கூட்டம் ஓய்ந்து பழனி அடிவாரத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்த மாசி மாதம். கடையைத் திறந்து முருகன் படத்துக்குச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தபோது என் மகள் கோமதி போன் செய்தாள். அவளைக் கொடைக்கானலுக்கு மேலே கூக்காலில் கட்டிக்கொடுத்து ஆறு வருஷம் ஆகிறது. ஒரு நாளும் அந்த நேரத்தில் அவள் கூப்பிட்டதில்லை.

“அப்பா, வந்து என்னையக் கூட்டிட்டுப் போங்க” என்றாள்.

அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. அழாமல் சொன்னாள். என்ன ஏது என்று கேட்டதற்கு, மாப்பிள்ளை அடுப்பிலிருந்த குக்கரைத் தூக்கி வாசலில் எறிந்துவிட்டார் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

எங்கள் மாப்பிள்ளை கனகராசு அப்படிப்பட்ட ஆள் இல்லை. பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற குடும்பம். சந்தையில் எடையில் ஏமாற்றுகிறவனைக்கூடப் பார்த்துச் சிரித்துவிட்டு வருகிற மனிதர். ஐப்பசியில் பூண்டு மூட்டை ஏற்றிய ஜீப்பின் மேல் உட்கார்ந்து வந்தபோது ஒரு வளைவில் கீழே விழுந்துவிட்டார். தலையின் பின்பக்கம் அடி. கொஞ்ச நேரம் நினைவு இல்லை. கீழே கூட்டிவந்து ஸ்கேன் எடுத்தோம். ரத்தக் கசிவு இல்லை, எலும்பு உடையவில்லை, ஒன்றும் இல்லை என்றார்கள்.

ஸ்கேன் அறைக்கு வெளியே நின்றபோது நான் வேண்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் இல்லை என்ற வார்த்தை வந்ததும் அங்கேயே தரையில் விழுந்து கும்பிட்டேன். கார்த்திகை மாதக் கிருத்திகைக்கு மாப்பிள்ளையை வரவழைத்து முடி இறக்கி, என் கையாலேயே சந்தனம் அரைத்து மொட்டைத் தலையில் பூசினேன். அதோடு விடவில்லை. பஞ்சாமிர்த டப்பாக்களை வேனில் ஏற்றிக்கொண்டு கூக்காலுக்குப் போய், சம்பந்தி தெருவில் ஒரு வீடு விடாமல் கொடுத்து, முருகன் காப்பாற்றிவிட்டான், மாப்பிள்ளைக்கு எல்லாம் குணமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன். நேர்த்திக்கடன் செலுத்தினால் அதை நாலு பேருக்குச் சொல்வது எங்கள் பக்கம் வழக்கம்.

அப்படிக் குணமானவர்தான் குக்கரை எறிந்திருக்கிறார். இரண்டு வேட்டி, ஒரு சால்வை, கொஞ்சம் விபூதி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்றுதான் நினைப்பு.

பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு மலையாளத் தம்பதி. பழனியில் கடை வைத்திருக்கிற எவனுக்கும் மலையாளம் புரியும். ஆறாவது வளைவிலேயே புருஷன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டார். அந்தம்மா முதுகைத் தடவிக்கொடுத்தபடியே, “காலையில் நாலாவது பரோட்டா வேண்டாம் என்றேன், சாமி கும்பிட்டாயிற்று இனி ஒன்றும் செய்யாது என்றாய். பழனியாண்டவர் பரோட்டாவுக்கும் சேர்த்தா பொறுப்பு?” என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிற்பாடுதான் அதை நினைத்து நினைத்து வெட்கப்பட்டேன்.

மேலே போகப்போக வழியெல்லாம் சுற்றுலா வண்டிகள். ஒரு வளைவில் இரண்டு பெரிய பஸ்கள் எதிரெதிரே வந்து, யார் பின்னால் போவது என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். கொடைக்கானலில் இறங்கும்போது கூக்கால் பஸ் போய்விட்டிருந்தது. அந்த ஊருக்கு இருப்பதே சொற்ப பஸ்.

பசித்தது. எந்தக் கடையைப் பார்த்தாலும் பிரெட் ஆம்லெட், நூடுல்ஸ். தேடிப் பிடித்து ஓர் இட்லிக் கடைக்குப் போனேன். இட்லி சூடாகத்தான் வைத்தார்கள். வாய்க்குக் கொண்டுபோவதற்குள் ஆறிவிட்டது. கை விரல் மரத்துப்போய், சட்னியைத் தொட்டால் தொட்டது தெரியவில்லை. எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றி, சட்டையைக் கழற்றி, தலைமுடியையும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இங்கே வருகிறவர்கள் இருக்கிறதையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். குரங்குக் குல்லாய் போட்ட ஒருவர் என் வெறும் தலையைப் பார்த்து, “பெரியவரே, காது போயிரும்” என்றார். அங்கேயே நானும் ஒரு குல்லாய் வாங்கிக்கொண்டேன்.

கடைசியில் முட்டைக்கோஸ் இறக்கிவிட்டு உர மூட்டையோடு திரும்புகிற ஜீப் ஒன்று கிடைத்தது. முன்னால் இடமில்லை, மூட்டை மேல் உட்காருங்கள் என்றார் டிரைவர். மாப்பிள்ளை விழுந்ததும் அப்படித்தானே என்று நின்றுவிட்டேன். நான் நகராததைப் பார்த்து, முன்சீட்டில் இருந்தவர் இறங்கிப் பின்னால் ஏறிக்கொண்டார். எந்த வீட்டுக்கு என்று டிரைவர் விசாரித்தார். சொன்னேன். கொஞ்ச தூரம் போய் ஒரு வளைவு வந்ததும் வேகத்தைக் குறைத்து, “இங்கனதான் உங்க மாப்பிள்ளை விழுந்தாரு” என்று காட்டினார்.

பார்த்தேன். ரோட்டோரம் ஒரு கல், பக்கத்தில் புல். ஒரு மனிதர் தலையில் வாங்கிய இடம் என்று சொல்ல அங்கே ஓர் அடையாளமும் இல்லை.

“ஒடம்பு தேறிருச்சாம்ல. நீங்கதான வந்து பஞ்சாமிர்தம் குடுத்தீங்க? எங்க வீட்டுக்கும் ஒரு டப்பா வந்துச்சு. ஆனா ஆளு வேலைக்கு வர்றதில்லைங்க. வெயிலு ஆகாதாம், சத்தம் ஆகாதாம். ஊர்ல இப்ப அவருக்குப் பேரே ஜமீன்தாரு.”

பின்னால் மூட்டை மேலிருந்தவர் சிரித்தது எனக்குக் கேட்டது. என் மகள் புருஷனை ஊரே சோம்பேறி என்கிறது. அதற்குச் சாட்சியாக என் பஞ்சாமிர்தத்தைக் காட்டுகிறது.

அந்தி சாயும் முன்னே போய்ச் சேர்ந்துவிட்டேன். ஏரி மேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது. சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் வாங்க என்று கேட்டு உட்காரவைத்தார்கள். மாப்பிள்ளை மட்டும் அறையை விட்டு வரவில்லை. பட்டர் பீன்ஸ் பொரியலும் பூண்டுக் குழம்பும் வைத்தார்கள். அப்படி ஒரு பூண்டு கீழே கிடைக்காது. கோமதி பரிமாறும்போது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தாள். புடவைக் கரையை இறக்கி இறக்கிவிட்டாள். காலைக் காட்டு என்றேன். காட்ட மாட்டேன் என்றாள். அதட்டினேன். வலது பாதத்தில் உள்ளங்கை அளவுக்குத் தோல் உரிந்து சிவந்திருந்தது. எறிந்த குக்கரிலிருந்து பருப்பு தெறித்த இடம்.

இதற்காகவா இந்த மலையில் கொண்டுவந்து கொடுத்தேன் என்று மனசுக்குள் முருகனிடமே சண்டை போட்டேன்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளையைக் கேட்பதற்கு எழுந்து போனேன். நல்ல வார்த்தை ஒன்றும் என்னிடம் இல்லை. அவர் படுத்திருந்த அறைக்குள் நுழைந்ததும் புகை. அந்த ஊரில் விதைப் பூண்டைத் தாளோடு கற்றை கற்றையாகக் கட்டி வீட்டுக்குள் மேலே தொங்கவிட்டு, கீழே புகை போட்டு வைப்பார்கள். அந்தப் பூண்டுக்குக் கீழேதான் அவர் கட்டில். ஜன்னலைச் சாக்குப் போட்டு அடைத்திருந்தார். துண்டை நனைத்துக் கண்ணை மறைத்துக் கட்டிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தார். மூன்று மாதத்துக்கு முன்னால் நான் சந்தனம் பூசிய தலையில் முடி முளைத்திருந்தது. காலடி கேட்டு, துண்டை விலக்கித் திரும்பினார். அந்த முகத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் உள்ளே போய், தாடி வளர்ந்து, நாற்பது வயசுக்காரர் என்றால் நம்புவார்கள். அவருக்கு முப்பத்திரண்டுதான்.

“வாங்க மாமா” என்று எழுந்தார். எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“தலை எப்படி இருக்கு?”

“பரவால்ல மாமா. நல்லா இருக்கு.”

நல்லா இருக்கிறவர் ஏன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. உட்காருவதற்காகக் கட்டிலில் கிடந்த தலையணையை நகர்த்தினேன். அடியில் ஒரு துணிப்பை. பை நிறைய மாத்திரை அட்டை. எல்லாம் காலி அட்டை. என் கடையில் ஒரு மாதத்துக்கு விற்கிற கற்பூர அட்டைகூட அவ்வளவு சேராது. குடிப் பழக்கமோ என்றுதான் பயந்திருந்தேன், இது என்ன கூத்து என்று பதறிவிட்டேன். போதை மாத்திரையா என்று கேட்டேன். கோமதி ஓடிவந்து அட்டையைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் தெரியாது. பெட்டிக்கடையில் வாங்குகிற சாதாரணத் தலைவலி மாத்திரை அது. ஒரு நாளைக்கு ஆறு, ஏழு என்று விழுங்கியிருக்கிறார்.

சத்தம் கேட்டுச் சம்பந்தி வந்தார். பூண்டு பிடுங்குகிற நேரம், ஆள் கிடைக்காமல் அவர் அலைந்துகொண்டிருந்தார்.

“ஏலே, மாமா முன்னாடியாவது எந்திரிச்சு வெளிய வா. ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னாக. சாமியும் காப்பாத்திருச்சு. இன்னும் என்னலே படுத்துக் கெடக்க? நாளைக்கழிச்சு லோடு ஏத்தணும், மூட்டை மேல ஆள் வேணும்.”

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, சரிப்பா என்றார். நிற்க முடியாத மனிதர் மூட்டை மேல் ஏறப் போகிறேன் என்கிறார். லோடு இருக்கட்டும், நாளைக்கு முதலில் டாக்டரிடம் போகிறோம் என்று நான் சொன்னேன். சம்பந்திக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பெண் கொடுத்தவன் கேட்கிறபோது முகத்துக்கு நேரே மறுக்க முடியாமல் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள், காலை பஸ்ஸில் மூன்று பேரும் கொடைக்கானலுக்குப் போனோம். மாப்பிள்ளை ஜன்னல் ஓரம் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். ஹாரன் அடித்தபோதெல்லாம் யாரோ அறைந்தது மாதிரி தோளைச் சுருக்கினார். ஆறு வருஷமாகப் பழகியவரை அன்றைக்குத்தான் நான் உற்றுப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். பக்கத்துச் சீட்டில், வட்டக்கானல் லாட்ஜ்களில் ரூம் கூட்டுகிற ஒரு பெண், தன்னோடு வந்தவளிடம் அவரைக் காட்டி, ரொம்பக் குடிச்சிட்டாரு போல என்றாள். கோமதி திரும்பி அவளைப் பார்த்த பார்வையில் அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டாள். மகளைக் கூட்டிக்கொண்டு போக வந்தவன் நான். அந்தப் பார்வையைப் பார்த்தபோது, அது அவ்வளவு சுலபம் இல்லை என்று தெரிந்தது.

டாக்டர் ஒரு பெண். என் மகள் வயசுதான் இருக்கும். மாப்பிள்ளையை ஒரு கோட்டில் நடக்கச் சொன்னார், விரலை நகர்த்திக் கண்ணால் பார்க்கச் சொன்னார், பழைய ஸ்கேன் படத்தை விளக்குக்கு முன்னால் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். வலி எத்தனை நாளாக என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, நடுவில் எல்லாம் குணமாகிவிட்டது, இப்போதுதான் கொஞ்ச நாளாக என்று சொல்ல ஆரம்பித்தேன்.

“ஐயா, தலை அவரோடது. அவரே சொல்லட்டும்.”

மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“விழுந்த அன்னையிலருந்து இருக்குங்க. ஒரு நாளும் விட்டதில்ல.”

“வீட்ல யார்கிட்டயும் சொல்லலையா?”

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். மன்னிப்புக் கேட்கிற மாதிரி பார்த்தார்.

“எப்படிங்க சொல்றது? மாமா ஊருக்கே பஞ்சாமிர்தம் குடுத்துட்டாங்க. முருகன் காப்பாத்திட்டான்னு வீடு வீடாப் போயிச் சொல்லிட்டாங்க. அதுக்குப் பெறகு வலிக்குதுன்னு சொன்னா சாமியைப் பொய்யாக்குன மாதிரி ஆயிரும்ல.”

என் கையிலிருந்த விபூதிப் பொட்டலம் கீழே விழுந்துவிட்டது. குனிந்து எடுக்கத் தோன்றவில்லை. எடுத்துக் கொடுத்தது டாக்டர்தான்.

நான் முருகனை வணங்குகிறவன். என் வீட்டில் அடுப்புப் பற்றவைப்பதற்கு முன்னால் அவன் பெயரைச் சொல்லாத நாள் கிடையாது. அந்தப் பெயரைக் கொண்டுபோய் ஒரு வலிக்கிற மனிதரின் வாயில் அடைத்து வைத்திருக்கிறேன், அதுவும் தித்திப்பாக, டப்பா டப்பாவாக. மூன்று மாதம் அந்த மனிதர் என் சாமிக்காகப் பொறுத்துக்கொண்டு, பெட்டிக்கடை மாத்திரையை விழுங்கிக்கொண்டு புகைக்குள் படுத்துக் கிடந்திருக்கிறார். எனக்கு அந்த அறையில் வேர்த்தது. வெளியே எல்லாரும் குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லையே அம்மா என்று கடைசியாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். ரத்தம் கசியவில்லை, எலும்பு உடையவில்லை என்றுதான் அந்தப் படம் சொல்லும். உள்ளே எதுவுமே நடக்கவில்லை என்று அது சொல்லாது என்றார். பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பி, ஊரில் காட்டுமாடு தோட்டத்தில் இறங்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். காவல் இருக்கிறவர் சத்தம் கொடுப்பார், வெடி போடுவார், கேட்டவர்கள் எல்லாம் ஓடுவோம் என்றார் மாப்பிள்ளை.

“மாடு போன பெறகு தோட்டம் எப்படி இருக்கும்?”

மாப்பிள்ளை லேசாகச் சிரித்தார். நான் வந்ததிலிருந்து பார்த்த முதல் சிரிப்பு. “மாடு மிதிச்சதைவிட நாங்க மிதிச்சதுதான் அதிகமாக் கெடக்கும்.”

“மூளைக்குள்ளயும் அந்த மாதிரி காவல் செல் இருக்கு. அடிபட்டா அது சில கெமிக்கலை விடும். அதுல ஒரு வகைக்கு சைட்டோகைன்னு பேரு. அதுதான் அது குடுக்கிற சத்தம். அதைக் கேட்டு மத்ததெல்லாம் ஓடி வந்து காயத்தைச் சரிபண்ணும். நல்லதுக்குத்தான். சில பேருக்கு மாடு போயும் சத்தம் நிக்கிறதில்ல. அந்தச் சத்தத்துலயே நரம்பெல்லாம் கூசிப் போயிடும். சாதாரண வெளிச்சம் குத்தும், குக்கர் விசில் இடிக்கும், தூக்கம் போகும், கோபம் வரும். இதை இன்ஃப்ளமேஷன்னு சொல்வோம். கையில அடிபட்டா வீங்கிச் சிவக்குதுல்ல, அதே வேலைதான் உள்ளேயும் நடக்குது.”

அது படத்தில் தெரியாதா என்று கேட்டேன்.

“வேலி உடைஞ்சா படத்துல விழும் ஐயா. சத்தம் படத்துல விழாது.”

எனக்கு எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. ஆனாலும் அது புரிந்தது. சைட்டோகைன் என்ற அந்தப் பெயரை விபூதிப் பொட்டலத்தின் மேலேயே எழுதி வைத்துக்கொண்டேன். தலையில் பூசிய சந்தனத்தைப் பற்றியும் கேட்டேன். உடம்புச் சூடு தணியும் என்றுதானே பூசினோம். அவர் சிரிக்கவில்லை. இதமாக இருந்தால் பூசுங்கள், ஆனால் எலும்பைத் தாண்டி உள்ளே அது போகாது என்றார். எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை என்றும், சிலருக்கு மட்டும் ஏன் நீடிக்கிறது என்று இன்னும் முழுசாகத் தெரியவில்லை என்றும், அந்தச் சத்தத்தை மட்டும் நிறுத்துகிற மாத்திரை தன்னிடம் இல்லை என்றும் மறைக்காமல் சொன்னார். இவ்வளவு படித்தவர் தெரியாது என்று சொன்னதும் எனக்கு ஓர் அதிர்ச்சிதான். நான் ஒன்றும் தெரியாமல் ஒரு தெரு முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொன்னவன்.

மாத்திரைப் பையைக் காட்டினோம். டாக்டர் முகம் மாறிவிட்டது. தினமும் இத்தனை போட்டால் வயிறும் சிறுநீரகமும் கெடும், மாத்திரையே புதுத் தலைவலியைக் கொண்டுவரும் என்று சொல்லி, அதை நிறுத்துகிற விதத்தை எழுதிக்கொடுத்தார். வேறு ஒரு மருந்து. நல்ல தூக்கம், புகை இல்லாத அறை, கொஞ்சம் கொஞ்சமாக நடை. தலையில் சுமை கூடாது, மூட்டை மேல் ஏறவே கூடாது. இந்த நிலையில் இன்னொரு அடி விழுந்தால் பெரிய ஆபத்தாகிவிடலாம் என்றார். வாந்தி, வலிப்பு, தூங்கி எழுப்ப முடியாத நிலை எது வந்தாலும் நேரம் பார்க்காமல் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார்.

கடைசியில் கோமதியின் காலைப் பார்த்து மருந்து போட்டுவிட்டு, மாப்பிள்ளையிடம், கோபம் வியாதியால் வருகிறது, சரி, ஆனால் வெந்தது இவங்க கால் என்றார். கோபம் ஏறுவது தெரிந்ததும் எழுந்து வெளியே போய்விட வேண்டும், அதை இருவரும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். மாப்பிள்ளை அழுதார். சத்தமே இல்லாமல் அழுதார். கோமதி தன் முந்தானையை அவர் கையில் கொடுத்தாள்.

திரும்பும்போது வழியில் பூம்பாறையில் இறங்கி முருகன் கோயிலில் குழந்தை வேலப்பரைக் கும்பிட்டோம். சந்நிதிக்கு முன்னால் நின்று எதையாவது வேண்டிக்கொள்வது என் பழக்கம். அன்றைக்கு வாய் வரவில்லை. அவன் அமைதியாகத்தான் நின்றான். குணமாகிவிட்டது என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னது நான்.

வீட்டுக்கு வந்ததும் சம்பந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காட்டுமாட்டுக் கதையையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே பூண்டுத் தாளை அறுத்துக்கொண்டிருந்தார். முடித்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

“அப்ப, முருகன் காப்பாத்தலைங்கிறீங்களா சம்பந்தி?”

வாசலில் நின்ற சம்பந்தியம்மா கையைப் பிசைந்தார்.

“உசிரைக் காப்பாத்திக் குடுத்தான். பார்த்துக்கிறதுக்கு நம்மகிட்டக் குடுத்தான். நான் அவனுக்கு முந்தி முடிச்சு வச்சிட்டேன். தப்பு எம்மேலதான்” என்றேன்.

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். எனக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. அப்புறம் மாப்பிள்ளை அறையிலிருந்து ஏணி நகர்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், சம்பந்தி மேலே ஏறி விதைப் பூண்டுக் கற்றைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மா கீழே நின்று வாங்கி மாட்டுக் கொட்டகைப் பக்கம் கொண்டுபோனார். ஜன்னல் சாக்கை மட்டும் கோமதி அப்படியே விட்டுவைத்தாள்.

நாலாம் நாள் காலையில் குளித்து விபூதி பூசிக்கொண்டு தெருவில் இறங்கினேன். பஞ்சாமிர்தம் கொடுத்த வீடு ஒவ்வொன்றுக்கும் வெறுங்கையோடு போனேன். கார்த்திகையில் நான் சொன்னது தப்பு, மாப்பிள்ளைக்கு இன்னும் குணமாகவில்லை, தலைக்குள் காயம் ஆறாமல் இருக்கிறது, அவர் சோம்பேறி இல்லை என்று சொன்னேன். எங்கள் பக்கம் செலுத்திய நேர்த்தியைத் திரும்பப் போய்த் தப்பு என்று சொன்னவன் யாரும் இருக்க மாட்டான். முதல் வீட்டில் கால் கூசியது. இரண்டாவது வீட்டில் கேரட் கழுவிக்கொண்டிருந்த அம்மா, “இந்தத் தடவ டப்பா இல்லையாங்க?” என்று கேட்டுவிட்டு, விஷயத்தைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு பெரியவர், சாமி காரியத்தில் இப்படிப் பேசலாமா என்று கதவைச் சாத்தினார். சாத்தட்டும் என்று அடுத்த வீட்டுக்குப் போனேன்.

ஜீப் டிரைவர் வீடு கடைசியில் இருந்தது. அவர் வண்டி கழுவிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை தண்ணீர்க் குழாயை அணைக்க மறந்து நின்றார். மாப்பிள்ளையை ஜமீன்தார் என்று தானும் சொன்னதாகச் சொல்லிவிட்டு, “இன்னைக்கு லோடுக்கு மூட்டை மேல நானே ஆள் பார்த்துக்கிறேன்னு உங்க சம்பந்திகிட்டச் சொல்லிருங்க” என்றார்.

திரும்பி வந்தபோது கோமதி பானையில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அவள் கட்டி வைத்திருந்த பை அறை மூலையில் அப்படியே இருந்தது. பிரிக்கவில்லை. எடுத்துக் கொடுக்கவும் இல்லை. வருகிறாயா என்று கேட்டேன். கஞ்சியை வடித்துப் பானையை நிமிர்த்தினாள். டாக்டர் அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார், அதுவரைக்கும் இருந்து பார்க்கிறேன், அதற்கப்புறம் கூப்பிட்டால் உடனே வர வேண்டும் என்றாள். வருவேன் என்று சொன்னேன்.

பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. சொல்லிக்கொண்டு கிளம்பலாம் என்று மாப்பிள்ளையைத் தேடினேன். வீட்டுக்குப் பின்னால் வெயில் படாத இடத்தில், பலகை மேல் உட்கார்ந்திருந்தார். நான் வாங்கிய குல்லாயைப் புருவம் வரை இழுத்துப் போட்டிருந்தார்.

“தலை எப்படி இருக்கு மாப்பிள்ளை?”

“பரவால்ல மா...” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். ஏரிப் பக்கம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“வலிக்குது மாமா.”

எங்கே என்று கேட்டேன். வலது காதுக்குப் பின்னால் கை வைத்துக் காட்டினார். அங்கே ஆரம்பித்துக் கண்ணுக்குள் வருகிறது, காலையில் எழும்போது கம்பளியை இறுக்கிக் கட்டியது மாதிரி, நடந்தால் காலடி ஒவ்வொன்றும் மேலே போய் இடிக்கிறது என்றார். பேச்சு நடுவில் தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. அவர் காதைப் பொத்திக்கொண்டார். கோமதி கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்து, “அப்பா, பஸ்” என்றாள். போகட்டும் என்று கையைக் காட்டிவிட்டுப் பலகையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“சொல்லுங்க மாப்பிள்ளை” என்றேன். அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.